இந்தப் பட்டன் யார் கைக்கு?

குரோம்பேட்டை முதல் காட்டாங்கொளத்தூர் வரை படிக்கும் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும், சேலையூர், மேற்குத் தாம்பரம், வண்டலூர், காட்டாங்கொளத்தூர் கல்லூரிகளிலும் எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டு இந்த வருடம் புராஜெக்ட் செய்யப்போகிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். ஒரு வேண்டுகோளோடு எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வீடியோ கேம் கடை மெஷின்களில் இருந்ததைப் போன்ற பெரிய பட்டன்களும் ஜாய்ஸ்டிக்கும் வைத்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டி விளையாடக்கூடிய ஒரு கன்ட்ரோல் பேனலை உங்கள் கையாலேயே செய்யுங்கள். கீபோர்டும் மவுசும் கைக்கு ஒத்துவராத ஒரு குழந்தைக்காக அதைச் செய்யுங்கள்.

எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பது என் தொழில். வைவா நெருங்கும் நாட்களில் உங்களில் சிலர் என் கடைப் படியேறி வருவதுண்டு. புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய பெட்டி ஓடவில்லை, எப்படியாவது இன்று மாலைக்குள் ஓட வைத்துக் கொடுங்கள் என்பீர்கள். திறந்து பார்த்தால் உள்ளே நான்கு சென்சார், ஒரு எல்.சி.டி., சூடான பசை ஊற்றி மறைத்த இணைப்புகள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று கேட்டால் உங்களுக்குத் தெரிவதில்லை. வைவா முடிந்ததும் அந்தப் பெட்டி பரணுக்குப் போய்விடும், அதை யாரும் தேடப்போவதில்லை. நாலு வருடப் படிப்பின் முடிவில், யாருக்கும் தேவைப்படாத ஒரு பொருளோடு உங்களை அனுப்பிவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒருவர் தினமும் தொட்டு அழுத்தும் பொருளாக அது இருக்கட்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்களில் பலர் பிறப்பதற்கு முன், தொண்ணூறுகளில், சென்னையிலும் புறநகரிலும் வீடியோ கேம் கடைகள் இருந்தன. காசையோ டோக்கனையோ போட்டுவிட்டு நின்றபடி விளையாட வேண்டும். கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' நம் ஊரில் அந்தப் பெயரால் அறியப்படவே இல்லை. அதில் வரும் முஸ்தபா என்ற பாத்திரத்தின் பெயரே விளையாட்டுக்கும் பெயராகிவிட்டது. 'கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97' இருந்த மெஷினைச் சுற்றி எப்போதும் கூட்டம் நிற்கும். அந்தப் பெட்டிகளின் உள்ளே பார்த்தவர்களுக்குத் தெரியும்: திரையும் போர்டும் எப்படியோ பல வருடம் தாக்குப்பிடிக்கும், முதலில் தேய்வது பட்டனும் ஜாய்ஸ்டிக்கும்தான். அவற்றைக் கழற்றி மாற்றுவது சுலபமாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஜப்பானிய கேம் மெஷின் தயாரிப்பாளர்களின் சங்கம் 1985இல் 'ஜாமா' என்ற பொது இணைப்பு முறையைக் கொண்டுவந்தது. 56 முனைகள் கொண்ட ஒரே கனெக்டர். அந்த முறையில் செய்த எந்த கம்பெனி போர்டானாலும் அதே கனெக்டரில் செருகலாம், பட்டன் ஒயர்களைத் தொடவே வேண்டாம். கையோடு உறவாடும் பகுதியையும் கணக்குப் போடும் பகுதியையும் தனித்தனியாகப் பிரித்து வைத்த அந்த யோசனைதான் நீங்கள் செய்யப்போகிற பேனலுக்கும் அடிப்படை.

விளையாட்டுக் கம்ப்யூட்டருக்கு மாணவர்களே கன்ட்ரோல் செய்துகொள்வது புதிதல்ல. 1962இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பி.டி.பி.-1 என்ற கம்ப்யூட்டரில் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை இளைஞர்கள் எழுதினார்கள். அந்த மெஷினின் முகப்பில் இருந்த சுவிட்சுகளை வைத்துத்தான் ஆட வேண்டியிருந்தது. சற்று நேரத்தில் முழங்கை வலி எடுத்துவிடும். ஆலன் காட்டக், பாப் சாண்டர்ஸ் என்ற இருவர், தங்கள் ரயில் மாடல் கிளப்பில் கிடந்த உதிரி சுவிட்சுகளையும் மரத்தையும் கொண்டு தனிக் கன்ட்ரோல் பெட்டிகள் செய்தார்கள். மெஷின் கொடுத்ததைக் கை ஏற்கவில்லை, ஆகவே கைக்கு ஏற்றதைச் செய்துகொண்டார்கள். அன்று வலித்தது மாணவர்களின் முழங்கை. இன்று நம் தெருவிலேயே, கீபோர்டை அழுத்தவே முடியாத கைகள் இருக்கின்றன. அந்தக் கைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் பொருளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

பேனலில் இருப்பது மூன்றே விஷயங்கள்: பட்டன், ஜாய்ஸ்டிக், இவை இரண்டும் சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் என்கோடர் போர்டு.

ஆர்கேட் பட்டன் என்று சொல்லப்படும் இந்தக் கேம் கடைப் பட்டனின் அடியில் ஒரு மைக்ரோசுவிட்ச் இருக்கும். அதில் மூன்று லக்குகள். பொது முனை ஒன்று, அழுத்தினால் இணையும் முனை ஒன்று, அழுத்தினால் பிரியும் முனை ஒன்று. நமக்கு வேண்டியது முதல் இரண்டும்தான். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, அழுத்தும்போது எந்த இரண்டு லக்குகளில் பீப் வருகிறது என்று ஒவ்வொரு பட்டனிலும் பாருங்கள். படத்தில் பார்த்ததை நம்பி ஒயரை மாட்டாதீர்கள். சுவிட்சின் உள்ளே வளைந்த ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. நீங்கள் மெதுவாக அழுத்தினாலும் அது ஒரு குறிப்பிட்ட புள்ளியில் சட்டென்று மறுபக்கம் தாவும். அந்த 'டிக்' சத்தம் அதுதான். அழுத்தம் பதிந்ததைக் காதும் விரலும் ஒரே நொடியில் உணர்ந்துகொள்கின்றன. திரையைக் கூர்ந்து பார்க்க முடியாதவருக்கு இந்த டிக் எவ்வளவு பெரிய உதவி என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாய்ஸ்டிக்கில் திசைக்கு ஒன்றாக நான்கு மைக்ரோசுவிட்சுகள். மூலைவாட்டில் தள்ளினால் இரண்டு சுவிட்சுகள் சேர்ந்து அழுந்தும், அப்படி எட்டுத் திசை கிடைக்கிறது. புதிதாக ஒயர் மாட்டுகிறவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தண்டு நடுவில் ஊன்றிச் சுழல்வதால், மேலே வலப்பக்கம் தள்ளும்போது அடியில் அது இடப்பக்கம் போகும். வலப்பக்கம் போவதற்கான ஒயர் இடப்பக்கச் சுவிட்சில் மாட்டப்பட வேண்டும். ஒரு முறை பேனலைக் கவிழ்த்து, தண்டை அசைத்து, அடியில் எது அழுந்துகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் இந்தப் பாடம் மறக்காது.

இனி என்கோடர். சிலர் பழைய கீபோர்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் சின்ன போர்டில் ஒயர்களைப் பற்றவைக்கிறார்கள். செலவில்லை, ஆனால் சிக்கல் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கீகளுக்குத் தனித்தனி ஒயர் கிடையாது. குறுக்கும் நெடுக்குமான கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில்தான் கீகள் இருக்கின்றன. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள கீகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், நாலாவது மூலையும் அழுந்தியதுபோல் போர்டுக்குத் தோன்றும். அதைத் தவிர்க்கப் பல கீபோர்டுகள் மூன்றாவது கீயையே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். குனிந்தபடி முன்னால் நகர்ந்து குத்த வேண்டிய விளையாட்டில், குத்து மட்டும் வராது.

கடையில் கிடைக்கும் ஆயத்த யு.எஸ்.பி. என்கோடர் போர்டில் இந்தச் சிக்கல் இல்லை. ஒயரைச் செருகினால் கம்ப்யூட்டர் அதை ஒரு கேம்பேடாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் நீங்கள் பொறியியல் மாணவர்கள், ஒரு படி மேலே போங்கள். 2021 ஜனவரியில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை பிகோ போர்டின் அறிமுக விலை 4 டாலர். நம் ஊரில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் வெளியே தெரியும் ஜி.பி.ஐ.ஓ. பின்கள் 26. பட்டன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பின், எல்லாப் பட்டன்களுக்கும் பொதுவாக ஒரு கிரவுண்ட் ஒயர், அவ்வளவுதான் சர்க்யூட். உள்ளிருக்கும் புல்-அப் ரெசிஸ்டரை இயக்கிவிட்டால் அழுத்தாதபோது 1, அழுத்தினால் 0. இந்தப் போர்டுக்காகவே ஜி.பி.2040-சி.இ. என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஏற்றியவுடன் கேம்பேடாக ஓடும். கீபோர்டாக நடிக்க வேண்டும் என்றால், ஏ.டி.மெகா 32யு4 சிப் உள்ள அர்டுயினோ லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோவையும் எடுக்கலாம். உங்கள் லேபில் இருக்கும் ஊனோவின் பிரதான சிப்புக்கு யு.எஸ்.பி. நேரடியாகப் பேசத் தெரியாது, அதனால் இந்த வேலைக்கு அது தோதுப்படாது.

கம்ப்யூட்டர் புதிதாக வேண்டியதில்லை. 2011 முதல் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் ஒன்று உங்கள் வீட்டிலோ அக்கா வீட்டிலோ பரணில் கிடக்கும். பேட்டரி போயிருக்கும். சார்ஜரோடு ஓடினால் போதும், பழைய இரு பரிமாண விளையாட்டுகளுக்கு அதன் வலு தாராளம். இத்தாலியைச் சேர்ந்த நிகோலா சால்மோரியா 1997 பிப்ரவரியில் வெளியிட்ட 'மேம்' என்ற மென்பொருள், பழைய கேம் மெஷின்களின் உள்ளுறுப்புகளை அப்படியே கம்ப்யூட்டரில் நிகழ்த்திக் காட்டுகிறது. 2016இல் அது முழுமையான திறமூல மென்பொருளானது. அதில் 5ஐ அழுத்தினால் காசு போட்ட கணக்கு, 1ஐ அழுத்தினால் ஆட்டம் ஆரம்பம், டேப் கீயை அழுத்தினால் எந்தப் பட்டனுக்கு எந்த வேலை என்று மாற்றிக்கொள்ளும் பட்டியல் வரும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மென்பொருள் இலவசம் என்பதால் விளையாட்டுகளும் இலவசம் ஆகிவிடாது. அவற்றின் உரிமை அந்தந்த நிறுவனங்களிடம் இருக்கிறது. இலவசமாகப் பயன்படுத்த உரிமையாளர்களே அனுமதித்த 'கிரிட்லீ', 'ராபி ரோட்டோ' போன்றவை மேம் குழுவினரிடமே கிடைக்கின்றன. 'சூப்பர் டக்ஸ்', 'சூப்பர் டக்ஸ் கார்ட்' போன்ற திறமூல விளையாட்டுகளும் இருக்கின்றன. கல்லூரியின் பெயரில் ஒரு பொருளை வெளியே கொண்டுபோகும்போது இந்த ஒழுங்கு அவசியம்.

இப்போது உங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியாக வந்துபோகும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். அதைத்தான் இந்தக் கடிதத்தின் மையமாக நினைக்கிறேன்.

மைக்ரோசுவிட்ச் இணையும்போது உள்ளிருக்கும் தகடு ஒரே தடவையில் ஒட்டிக்கொள்வதில்லை. சில மில்லிநொடிகள் துள்ளித் துள்ளி ஒட்டும். ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் ஒரே அழுத்தத்துக்குப் பல கோடுகள் எழுந்து விழும். போர்டு அத்தனையையும் எண்ணினால் ஒரு தாவலுக்குப் பதில் மூன்று தாவல். அதனால் 'டிபவுன்ஸ்' எழுதுகிறோம். பலர் செய்வது, துள்ளல் அடங்கும்வரை காத்திருந்து பிறகு ஏற்றுக்கொள்வது. பெரும்பாலான ஆர்கேட் விளையாட்டுகள் நொடிக்குச் சுமார் 60 சட்டங்கள் (ஃபிரேம்கள்) வரையும், ஒரு சட்டத்துக்கு 16.7 மில்லிநொடி. நீங்கள் 5 மில்லிநொடி காத்திருந்து, யு.எஸ்.பி. லோ ஸ்பீடில் கம்ப்யூட்டர் உங்களைக் கேட்க இன்னும் 8 மில்லிநொடி ஆனால், அந்தச் சட்டம் கையைவிட்டுப் போகலாம். கை தேர்ந்த சண்டை ஆட்டக்காரர் அதை உணர்ந்துவிடுவார். அவருக்காக எழுதும்போது முதல் தொடுகையையே ஏற்றுக்கொண்டு, அதற்குப் பிறகு சில மில்லிநொடிகளுக்குக் கதவைச் சாத்திவிட வேண்டும். ஃபுல் ஸ்பீடில் நொடிக்கு 1000 முறை கேட்கும்படி அமைக்க வேண்டும்.

இதே வரிகளை இன்னொரு கைக்காக எழுதிப் பாருங்கள். எங்கள் பகுதியில் ஒரு பையன் இருக்கிறான். மூளை முடக்குவாதம். அவன் விரல்கள் பிரிந்து அழுத்தாது, மணிக்கட்டின் பின்புறத்தால்தான் எதையும் தள்ளுவான். கை போய்ச் சேர்ந்ததும் நடுக்கத்தில் இரண்டு மூன்று முறை தட்டிவிடும். அவனுக்கு 5 மில்லிநொடிப் பூட்டு எதற்கும் உதவாது. முதல் அழுத்தத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அரை நொடிக்கு வரும் எதையும் கணக்கில் சேர்க்காதே என்று எழுதியபோதுதான் அவன் பட்டன் அவன் நினைத்ததைச் செய்தது. இணையம் இல்லாதபோது குரோம் பிரௌசரில் ஓடுமே ஒரு டைனோசர், அதற்கு ஸ்பேஸ் பார் ஒன்றே போதும். 100 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒற்றைப் பட்டனை ஸ்பேஸ் பார் ஆக்கி அவன் முன் வைத்தால், கள்ளிச்செடி வருவதற்கு வெகு முன்பே கையைத் தூக்க ஆரம்பிப்பான். நேரம் கணித்துத்தான் தூக்குகிறான். தாண்டிவிட்டால் வீடே அதிரும்படி கத்துவான். அதுவரை அவன் வீட்டில் எல்லா விளையாட்டையும் அண்ணன் விளையாடுவான், இவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருவருக்குக் குறையாகிற தாமதம் இன்னொருவருக்கு வழியாகிறது. எது சரியான எண் என்பதை டேட்டாஷீட் சொல்லாது, அந்தக் கைதான் சொல்லும். இதை ஒரு முறை நேரில் பார்த்துவிட்ட பொறியாளர் அதற்குப் பிறகு எதைச் செய்தாலும், இது யாருக்கு என்ற கேள்வியோடுதான் ஆரம்பிப்பார்.

இந்தப் பாடத்தை நாடு முழுவதும் தெரிந்த ஒரு பொருளில் பார்க்கலாம். எழுத்தாளர் சுஜாதா குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். பிறகு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர். 1982இல் கேரளத்தின் பரவூரில் முதன்முதலாக அந்த வகை இயந்திரம் தேர்தலில் பயன்பட்டது. அதில் வாக்காளர் முன் வைக்கப்படும் பெட்டியில் இருப்பதும் பட்டன்கள்தான். முதல் அழுத்தம் பதிந்ததும் இயந்திரம் பூட்டிக்கொள்ளும். அடுத்த வாக்காளருக்காக அதிகாரி திறந்துவிடும்வரை எத்தனை முறை அழுத்தினாலும் எண்ணாது. பின்னாளில் பட்டன்களுக்கு அருகே பிரெய்ல் எண்களும் சேர்ந்தன. கைநாட்டு வைப்பவர், கண் தெரியாதவர், முதல் தடவையாக வாக்களிக்கும் பாட்டி எல்லோரும் அழுத்தப்போகிற பட்டன் அது. அவர்களை நினைத்துச் செய்ததால்தான் அது அவ்வளவு எளிமையாக இருக்கிறது.

அதே எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், அக்னி ஏவுகணைக்காக உருவாக்கிய இலகுவான கலப்புப் பொருளைக் கொண்டு, ஹைதராபாத் நிஜாம் மருத்துவமனையில் இருந்த குழந்தைகளுக்குக் கால் தாங்கிகள் செய்ய வைத்தார். 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகத் தாங்கிகளை இழுத்து நடந்த குழந்தைகளுக்கு 300 கிராமில் தாங்கி கிடைத்தது. தன் வாழ்வின் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்றாக அதை அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நீங்கள் படிக்கும் ஊரின் மரபு இது. ஏவுகணை உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம், பட்டன் இருக்கிறது.

வெளிநாட்டில் இதற்கென்றே கருவிகள் வந்துவிட்டன. மைக்ரோசாஃப்ட் 2018இல் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது, விலை 99.99 டாலர். அதில் இரண்டு பெரிய பட்டன்களும், வெளியிலிருந்து சுவிட்சுகளைச் செருக 3.5 மில்லிமீட்டர் ஜாக்குகள் 19ம் உண்டு. 2023 டிசம்பரில் சோனியும் ஒன்றை வெளியிட்டது. 2018இன் மதிப்பில் சுமார் ஏழாயிரம் ரூபாய் கொடுத்து எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை வாங்கினாலும், சுவிட்சுகளைத் தனித்தனியாக வாங்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கென்று இறக்குமதியாகும் ஒற்றைச் சுவிட்சே பல ஆயிரம் ரூபாய். அதன் உள்ளே இருப்பதும் மைக்ரோசுவிட்ச்தான். பெரிய ஆர்கேட் பட்டனின் இரண்டு லக்குகளில் 3.5 மில்லிமீட்டர் மோனோ ஜாக்கைப் பற்றவைத்தால், உலகம் முழுவதும் ஏற்கும் ஒரு சுவிட்ச் உங்கள் மேசையில் தயார். அதே ஜாக்கை உங்கள் பேனலின் பக்கவாட்டிலும் வையுங்கள். வேறு எந்தச் சுவிட்சையும் நாளைக்கு அதில் செருகலாம்.

எப்படிச் செய்ய வேண்டும் என்று சில விஷயங்கள் சொல்கிறேன். இவை பழுதுபார்ப்பவனின் அனுபவம்.

முதலில் குழந்தையைப் பாருங்கள், பிறகு பொருள் வாங்குங்கள். எந்த உறுப்பு நம்பகமாக அசைகிறது, எவ்வளவு தூரம், எவ்வளவு பலத்தோடு என்பதுதான் உங்கள் ஸ்பெசிஃபிகேஷன். உள்ளங்கையா, முழங்கையா, கன்னமா, பாதமா? அதை நீங்களாக ஊகிக்கக் கூடாது. 1985இல் தொடங்கி இப்போது கோட்டூர்புரத்தில் இயங்கும் வித்யா சாகர், முட்டுக்காட்டில் 2005இல் மத்திய அரசு தொடங்கிய பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில், இதையே வாழ்நாள் வேலையாகச் செய்யும் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளின் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். கல்லூரிக் கடிதத்தோடு போய் அனுமதி கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவிடமும் கேளுங்கள், குழந்தையிடம் கட்டாயம் கேளுங்கள். பேச்சு வராத குழந்தைக்கும் விருப்பு வெறுப்பு உண்டு, அதைச் சொல்ல அதற்கு ஒரு வழியும் உண்டு.

பிறகு பொருள். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போங்கள். பழைய டிரங்க் ரோட்டில் செடி, கோழி, கட்டில், பீரோ விற்கும் கடைகளோடு, பழைய கீபோர்டுகளும் ஸ்பீக்கர்களும் கழற்றிய மின்பொருள்களும் குவிந்திருக்கும். ஒயர், பெட்டி, கேபிள் அங்கே மலிவு. புதுப் பட்டன், மைக்ரோசுவிட்ச், பிகோ போர்டு, ஜாக்குகளுக்கு ரிச்சி தெரு. தாம்பரத்தில் ரயிலேறி கிண்டியில் இறங்கி மெட்ரோ பிடித்தால், அரசினர் தோட்டம் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். வாங்கும்போது அளவைக் கவனியுங்கள். ஜப்பானிய முறைப் பட்டனுக்கு 30 மில்லிமீட்டர் துளை, அமெரிக்க முறைக்குச் சுமார் 28. செருகினால் கவ்விக்கொள்ளும் வகைப் பட்டன் மெல்லிய தகட்டில்தான் நிற்கும், பலகைக்கு மரையுள்ள வகை வேண்டும். எம்.டி.எஃப். பலகை நம் ஊர் ஈரக் காற்றில் ஊதிவிடும், நல்ல பிளைவுட் வாங்கி விளிம்பைத் தேய்த்து வார்னிஷ் அடியுங்கள். துளை போட ஆசாரியிடம் கொடுங்கள், ஹோல் சா அவரிடம் இருக்கும். அவர் கை ஒரு நிமிடத்தில் செய்வதை நீங்கள் அரைநாள் போராடிப் பலகையைப் பிளக்க வேண்டாம்.

பட்டனை அழுத்தப் பலம் போதவில்லை என்றால் மைக்ரோசுவிட்சை மட்டும் மாற்றுங்கள், குறைந்த விசையில் இயங்கும் வகைகள் கிடைக்கின்றன. தாமதத்தை நிரலில் எழுதிப் பூட்டிவிடாதீர்கள். பேனலின் ஓரத்தில் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் வைத்து, பிகோவின் அனலாக் உள்ளீட்டில் கொடுங்கள். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதுபோல அம்மாவே அந்த நேரத்தைக் கூட்டிக் குறைக்கட்டும். கை சோர்ந்த நாளும் உண்டு, தெம்பான நாளும் உண்டு. அழுத்திப் பிடிக்க முடியாதவருக்கு, ஒரு முறை தொட்டால் பிடித்தபடி நிற்கவும் மறுமுறை தொட்டால் விடவும் ஒரு நிலை வையுங்கள். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒட்டுங்கள். கேபிள் வெளியே வரும் இடத்தை இறுக்கிக் கட்டுங்கள். பற்றவைத்த இணைப்பு இழுபட்டுப் பிய்வதுதான் வழக்கமான சாவு. மின்சாரம் யு.எஸ்.பி.யின் 5 வோல்ட் மட்டுமாக இருக்கட்டும், சுவரிலிருந்து எதுவும் வேண்டாம்.

இன்னொரு அருமையான வாய்ப்பு உண்டு. கம்ப்யூட்டரில் இரண்டு யு.எஸ்.பி. கீபோர்டுகளை மாட்டினால் இரண்டுமே ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஆகவே அண்ணன் கையில் ஜாய்ஸ்டிக் பேனல், தம்பி முன்னால் தாவும் பட்டன் மட்டும். ஓடுவது ஒருவர் பொறுப்பு, தாவுவது இன்னொருவர் பொறுப்பு. இருவரும் சேர்ந்தால்தான் ஆட்டம் நகரும். நோயாளியும் துணையாளும் என்ற உறவு அந்த நேரத்துக்கு மாறி, கூட்டாளிகள் ஆகிவிடுகிறார்கள்.

இரண்டு ஆட்சேபங்களை எதிர்பார்க்கிறேன். ஒன்று, இது சின்ன வேலை, இதில் செயற்கை நுண்ணறிவு எங்கே என்று கேட்பார்கள். சிக்னலின் துள்ளல், யு.எஸ்.பி. நெறிமுறை, நிகழ்நேர நிரலாக்கம், மனித உடலின் அளவீடு, பயனரோடு சோதனை, பராமரிப்பு என்று இத்தனையும் அடங்கிய வேலை சின்ன வேலை ஆகாது. ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்த நேரத்துக்குள் பட்டன் பதில் சொல்கிறது என்று அளந்து காட்டுவது ஒரு முழு அத்தியாயத்துக்கு உரியது. உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர்களிடமும் இதைச் சொல்லுங்கள். தலைப்பின் கனத்தைப் பார்க்காமல் பொருளைத் தொட்டுப் பார்த்து மதிப்பெண் போடும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது ஆட்சேபம், படிப்புக்கும் சிகிச்சைக்கும் உதவாமல் விளையாட்டுக்கா என்பது. ஆமாம், விளையாட்டுக்குத்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 தன் 29ஆம் பிரிவில் பண்பாடும் பொழுதுபோக்கும், 30ஆம் பிரிவில் விளையாட்டும் அவர்களுக்கு உரியவை என்று சொல்கிறது. மற்ற பிள்ளைகள் விளையாடும்போது யாரும் அதில் என்ன பயன் என்று கேட்பதில்லை. இந்தப் பிள்ளைகளின் நேரம் மட்டும் முழுக்கப் பயிற்சிக்கும் சிகிச்சைக்கும் எழுதிவைக்கப்பட்டதா? அதோடு, ஒற்றைப் பட்டனை நேரம் பார்த்து அழுத்தக் கற்ற கை, அதே பட்டனால் எழுத்தைத் தேர்ந்தெடுக்கவும், பாட்டை மாற்றவும், அம்மாவைக் கூப்பிடவும் கற்றுக்கொள்ளும். அது கூடுதல் லாபம். லாபம் இல்லாவிட்டாலும் விளையாட அவர்களுக்கு உரிமை உண்டு.

ஒரே ஒரு எச்சரிக்கை. கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஆர்கேட் பட்டன் தேயும், லக் தளரும், குழந்தை வளரும், கை மாறும். சர்க்யூட் படத்தையும் எந்த ஒயர் எந்தப் பின்னில் என்ற பட்டியலையும் தெளிவாகத் தமிழில் எழுதி, பேனலின் உட்புறத்திலேயே ஒட்டுங்கள். புரோகிராமை யு.எஸ்.பி. டிரைவில் போட்டு வீட்டில் கொடுங்கள். நீங்கள் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனாலும், அடுத்த வருட மாணவரோ தெருமுனை மெக்கானிக்கோ திறந்து பார்த்துச் சரிசெய்ய முடிய வேண்டும். குழந்தையின் முகத்தை உங்கள் புராஜெக்ட் அறிக்கையில் போடாதீர்கள், பெயரும் வேண்டாம். அளவீடுகளை மட்டும் போடுங்கள்.

நாலு பேர் கொண்ட குழுவாகச் சேருங்கள். ஒருவர் சிகிச்சையாளரோடும் குடும்பத்தோடும் பேசட்டும், ஒருவர் பலகையும் பட்டனும் பார்க்கட்டும், ஒருவர் ஒயரும் போர்டும், ஒருவர் நிரல். முதல் மாதிரி ஒற்றைப் பட்டனாக இருக்கட்டும். அது நன்றாக வேலை செய்த பிறகு இரண்டாவதைச் சேருங்கள். ஜாய்ஸ்டிக் கடைசியில் வரட்டும். வைவா அன்று தேர்வாளர் முன்னால் நீங்கள் விளையாடிக் காட்டுவதைவிட, அந்தக் குழந்தையும் வீட்டாரும் விரும்பினால் அவர்களையே அழைத்து வந்து உட்கார வையுங்கள். பட்டன் சரியாக இருக்கிறதா என்று சொல்லும் தகுதி அந்த அறையில் அவர்களுக்குத்தான் அதிகம்.

பற்றவைக்கத் தெரியாது என்று யாரும் தயங்க வேண்டாம். சேலையூரில் என் கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் இரும்பு சூடாகத்தான் இருக்கும். வந்து கற்றுக்கொள்ளுங்கள், இதற்குக் காசு வாங்கமாட்டேன். தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூரில் இருக்கும் என் சக மெக்கானிக்குகளும் இந்த வேலைக்கென்று வரும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று இந்த மடல் வழியாகவே கேட்டுக்கொள்கிறேன். புராஜெக்ட் தலைப்பைக் கொடுக்கும் கடைசித் தேதி வருவதற்குள் ஒரு குடும்பத்தைச் சந்தித்துவிடுங்கள். தலைப்பு அங்கேயே கிடைத்துவிடும்.

அன்புடன்,
சேலையூரிலிருந்து ஓர் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்